பாய்க்கு முன்னால் பலகை



கையால் கட்டும் சிறு படகுகளுக்காகவே இந்த இதழை ஒதுக்கியிருக்கிறோம். ஒட்டுப்பலகையை வெட்டி, செம்புக் கம்பியால் தைத்து, எபாக்ஸி பூசி, வீட்டிலேயே ஒரு கேனூ செய்து முடித்தவருக்கு அடுத்து எழும் ஆசை ஒன்றுதான்: இதில் ஒரு பாய் கட்டினால் என்ன? தாராளமாகக் கட்டலாம் என்பதே என் பதில்.

இது பழைய ஆசை. 1865-ல் ஜான் மெக்ரிகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ‘ராப் ராய்’ என்ற 15 அடிப் படகில் ஐரோப்பாவின் ஆறுகளைச் சுற்றிவந்தார். ஓக் மரத்தில் உடல், செடார் மரத்தில் மேல்தளம், இரண்டு பக்கமும் அலகு கொண்ட துடுப்பு, காற்று வாய்த்தால் விரிக்க ஒரு சின்னப் பாய். பின்காற்று அடிக்கும்போது அந்தப் பாய் உதவியது. மற்ற நேரமெல்லாம் துடுப்புதான். அவருக்குப் பின் வந்த வாரிங்டன் பேடன் பவல், சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவரின் அண்ணன், தம் ‘நாட்டிலஸ்’ படகுகளைப் பாயோட்டத்துக்கென்றே ஒவ்வொன்றாகத் திருத்திக் கட்டினார்.

திருத்த வேண்டியது எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. துடுப்புப் படகின் அடிப்பாகம் நீரில் அதிகம் இறங்காது. பக்கக் காற்றில் பாய் விரித்தால் படகு முன்னே போவதைவிடப் பக்கவாட்டில் நழுவுவதே அதிகம். ஆகவே முதலில் செய்ய வேண்டியது பாய் அல்ல, நீருக்குள் நின்று அந்த நழுவலைத் தடுக்கும் பலகை. சோழமண்டலக் கரையில் பாயேற்றி ஓடிய கட்டுமரங்களிலும் இதற்காகவே பலகை இறக்கினார்கள்.

செய்முறை எளிது. படகின் இரு விளிம்புகள்மேல் ஒரு குறுக்குச் சட்டத்தை வைத்துக் கிளாம்பால் இறுக்குங்கள். சட்டத்தின் முனையில் ஒரே போல்ட்டில் பலகையைத் தொங்கவிடுங்கள். தரை தட்டினால் அது தானாகப் பின்னால் மடங்க வேண்டும். பாய்மரத்தைத் தாங்க மேலே துளையிட்ட ஒரு குறுக்குப் பலகை, கீழே பாய்மரத்தின் கால் உட்கார ஒட்டிய ஒரு கட்டை. 15 அடிப் படகுக்கு 40 சதுர அடிப் பாயே தொடக்கத்துக்குப் போதும்.

பிறகு மெல்லிய காற்றில் ஓட்டிப் பாருங்கள். சுக்கானாகப் பிடித்த துடுப்பை நீரிலிருந்து எடுத்ததும் படகு மெதுவாகக் காற்றை நோக்கித் திரும்பினால் நல்லது. வெடுக்கென்று திரும்பினால் சட்டத்தைக் கொஞ்சம் பின்னே நகர்த்துங்கள். காற்றைவிட்டு விலகி ஓடினால் முன்னே நகர்த்துங்கள். விரற்கடை நகர்த்தலுக்கும் படகு பதில் சொல்லும்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, நீர்படும் உடலில் ஒரு துளைகூடப் போட வேண்டாம் என்பது. பாயையும் பலகையையும் கழற்றினால் பழைய துடுப்புப் படகு அப்படியே திரும்பக் கிடைக்கிறது. எந்த இடத்தில் மரம் தடிமன், எங்கே மூட்டு பலமானது என்று கட்டியவருக்குத் தெரியும். கடையில் வாங்கியவருக்கு வராத துணிச்சல் அவருக்கு வருவது அதனால்தான். கை அறிந்த பொருளைத்தான் நம்பித் திருத்த முடியும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். உயிர்காப்புச் சட்டை இல்லாமல் இறங்காதீர்கள். படகின் இரு முனையிலும் காற்றடைத்த பையோ நுரைக்கட்டையோ இருக்கட்டும். பாய்க் கயிற்றைக் கட்டிவைக்காமல் கையிலேயே பிடியுங்கள். திடீர்க் காற்று வந்தால் விட்டுவிட்டாலே படகு நிமிரும். கரையோரம், இடுப்பளவு நீரில், வேண்டுமென்றே கவிழ்த்து மீண்டும் ஏறிப் பழகிய பிறகே தூரம் போங்கள்.

உள்ளே அளவுகளோடு வரைபடங்கள் தந்திருக்கிறோம். உங்கள் படகுக்கு எது பொருந்தியது, எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். அடுத்துக் கட்டப்போகும் ஒருவருக்கு அது நேரடியாகப் பயன்படும்.

அன்புடன்,
ஆசிரியர்