எங்க ஏரிக்கரைப் பேய்

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் விமானம் தெரிகிற தூரத்தில் எங்கள் சேரி. ஏரிக்கரைப் புளியமரத்தில் பேய் இருக்கு என்பார்கள். எங்க ஆயா மட்டும் ஒத்துக்காது. "பேயில்லடா, அது என் பெரியப்பன். கதிரு திருடிட்டான்னு பண்ணையில கட்டிவச்சு அடிச்சாங்க. விடியக்காலம் மரத்துல தொங்குனான்." கேசும் இல்லை, விசாரணையும் இல்லை.

பெரம்பலூரில் ஆங்கில இலக்கியம் படித்தபோது போவையும் ஹாதார்னையும் நடத்தினார்கள். அமெரிக்காவில் பாழடைந்த கோட்டைகள் இல்லை, அதனால் கோதிக் கதை மனசின் இருட்டுக்குள் நுழைந்தது என்றார்கள். நோட்டில் எழுதிக்கொண்டோம். யாருடைய இருட்டு என்று யாரும் கேட்கவில்லை.

நிழலோ பழமையோ கொடிய அநீதியோ இல்லாத தன் நாட்டைப் பற்றி ரொமான்ஸ் எழுதுவது கஷ்டம் என்று 1860-இல் ஒரு நாவல் முன்னுரையில் ஹாதார்ன் எழுதினார். அதே ஆண்டு அந்த நாட்டில் அடிமைகள் சுமார் 40 லட்சம் பேர்! வெள்ளை இலக்கியத்தின் இருட்டு, பக்கத்திலேயே வாழ்ந்த கறுப்பர்களை வைத்துக் கட்டியது என்று டோனி மாரிசன் 1992-இல் போட்டு உடைத்தார். 1987-இல் வந்த அவரது 'பிலவ்டு' நாவலில் பேயாக வருவது, அடிமைத்தனத்துக்குத் திரும்பக் கூடாதென்று தாயே கொன்ற குழந்தை. 1856-இல் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் நிஜமாகவே அப்படிச் செய்தாள்.

நம்ம கதைக்கு வருவோம். கல்கி 1950-54-இல் எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் பாதாளச் சிறை உண்டு, சுரங்கப்பாதை உண்டு. தன்னால் செத்தவள் ஆவியாக வருகிறாள் என்று சுந்தர சோழர் நடுங்குவதும் உண்டு. கோதிக் சாமான் அத்தனையும் இருக்கு. ராஜா நடுங்கினால் இலக்கியம், எங்க ஆயா சொன்னால் மூடநம்பிக்கையா? அந்தப் பொன்னியின் செல்வனாகிய ராஜராஜனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டிலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் பதிவாகியிருக்கின்றன. கல்லில் இருக்கிற சேரிக்கு அந்தப் பொற்காலக் கனவில் இடமில்லை. அவர் மகன் ராஜேந்திரன் எழுப்பிய விமானத்தைப் பார்த்துப் பெருமைப்படச் சொல்கிறார்கள். அதன் நிழலில் எங்கள் பெரியப்பன்மார் இல்லையா?

பேய் இல்லை என்று பகுத்தறிவுத் தோழர்கள் சொல்வார்கள். எனக்கும் தெரியும் தோழர். ஆனால் பேயை ஓட்டுவதற்கு முன்னால் அடிச்சவன் பேரைக் கேளுங்கள். எங்கள் எழுத்து அங்கிருந்துதான் தொடங்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் அந்த மரத்தடியில் போக எங்கள் சனம் அவ்வளவாகப் பயந்ததில்லை. சுற்றுவழியில் போனது ஊர்த்தெருக்காரர்கள்தான்.