தவணையில் ஒரு தேனிலவு

கல்யாணக் கடனே அடையாத நிலையில் மாலத்தீவுக்கென்று இன்னொரு கடன் வாங்குகிறார்கள். கடல்மேல் குடிலில் நாலு ராத்திரி. அப்புறம் மாதாமாதம் தவணை. பல வீடுகளில் புதுக் குடித்தனத்தின் முதல் சண்டையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. வசதி உள்ளவர்கள் தாராளமாகப் போகட்டும். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து போகவேண்டாம் என்பதே என் கட்சி.

அதற்குப் பதிலாக, தை மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை பிடித்து மரக்காணம் வாருங்கள். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி பக்கத்தில்தான் இருக்கிறது. பூநாரை தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை அரித்துத் தின்பதை இருவருமாக நின்று பாருங்கள். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து.

ஆனால் இந்த ஊரில் உள்ள உப்புப் பாத்திகளைப் படப்பிடிப்புத் தளமாக்காதீர்கள். அங்கே புருஷன் பலகையால் உப்பை வரப்புக்கு இழுக்க, பெண்டாட்டி கூடையில் சுமந்துபோய்க் குவிக்கிற குடும்பங்கள் உண்டு. உப்புநீரில் ஊறி அவர்கள் பாதம் வெடித்திருக்கும். மழைக்காலத்தில் அந்த வேலையும் கிடையாது. அவர்கள் பக்குவம் பார்த்து விளைவிக்கும் பாத்திக்குள் செருப்புக்காலோடு இறங்கும் ஜோடிகளைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. படம் வேண்டுமென்றால் கேட்டுவிட்டு, வரப்பில் நின்று எடுத்துக்கொள்ளுங்கள்.