பழைய துணி மூட்டையும் இரண்டு அங்கியும்

திருவருகைக் காலம் வந்துவிட்டால் பங்குக் கோவில்களில் துணி மூட்டைகள் சேர ஆரம்பித்துவிடும். காலர் கிழிந்த சட்டை, ஜிப் போன பேண்ட், சாயம் வெளுத்த சேலை... இதற்குப் பெயர் தர்மமாம்! அலமாரியைச் சுத்தம் செய்வதற்கும் ஈகைக்கும் வித்தியாசமே இல்லையா?

நெரவி, காரைக்கால் பக்கத்து மக்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுனாமி அடித்தபோது, பக்கத்து நாகப்பட்டினத்தில் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. மீனவர்கள் தொடவில்லை. தெருவோரம் குவிந்து கிடந்தது. படகும் வலையுமாக உழைத்துச் சாப்பிட்டவர்கள், அடுத்தவர் உடுத்திக் கழித்ததை ஏன் உடுத்த வேண்டும்? இதைத் திமிர் என்று சொல்ல யாருக்கு உரிமை?

2018 நவம்பர் 16, கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 16, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்றைய வாசகம் லூக்கா நற்செய்தி. 'என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்ட கூட்டத்திடம், இரண்டு அங்கி வைத்திருப்பவர் ஒன்றை இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்கிறார் யோவான். அதாவது இருப்பதில் சரிபாதி! கிழிந்ததாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லவில்லை.

'ஏழைக்கு எதுவானாலும் உதவும்' என்பார்கள். அந்த ஏழையிடம் கேட்டார்களா? 1833-ல் பாரிசில் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இன்று தமிழ்ப் பங்குகளிலும் இருக்கிறது. அதன் முக்கிய வேலையே வீடு தேடிப் போய்ப் பேசுவதுதான். கார்த்திகை மழையில் கூலி வேலை இல்லாத வீட்டுக்குத் தேவை அரிசியா, மருந்தா, பிள்ளையின் பரீட்சைக் கட்டணமா? அங்கே போனால்தானே தெரியும். மூட்டை கட்டுகிறவர்கள் அந்தத் தெருப் பக்கம் போய் எத்தனை வருஷம் ஆயிற்றோ!