கையெழுத்துக்குச் சாட்சி யார்?

இரும்புக்கை மாயாவி காமிக்ஸை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. பார்சிலோனாக்காரர், 1995-இல் காலமாகிவிட்டார். அவர் கையெழுத்திட்ட 1972-ஆம் ஆண்டு முத்து காமிக்ஸ் முதல் இதழ் என்று சொல்லி ஒருவர் ஒரு பிரதியை நீட்டினால், விலை பேசும் முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும். சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டுக் கடைகளில் விற்ற புத்தகம் எந்த ஆண்டு, யார் கையில் ஸ்பெயினுக்குப் போனது? யார் கொண்டுவந்தார்கள்? பதில் இல்லையென்றால் அது பிளாஸ்கோவின் கையெழுத்து என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. பதில் இல்லாதபோதும் கையெழுத்துக்கென்று தனி விலை சொல்கிறவர் செய்வது மோசடி. அதை வேறு பெயரிட்டு மென்மையாக்க நாம் தயாராக இல்லை.

கொங்கு வட்டாரத்தில் இதைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கிறது. 1972-இல் முத்து, 1984-இல் லயன், ராணி என்று காமிக்ஸ்கள் வரத் தொடங்கியபோது காசு சேர்த்து வாங்கிய சிறுவர்கள் இன்று ஐம்பது, அறுபது வயதில் கையில் பணமும் மனதில் பழைய ஆசையுமாக இருக்கிறார்கள். கோவை உக்கடத்தின் பழைய புத்தகக் கடைகளில் குனிந்து தேடியவர்கள் இவர்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா என்றால், லயன்-முத்து ஆசிரியர் எஸ். விஜயனைச் சந்திக்க வெளியூர்களிலிருந்தும் வந்து கூடுபவர்களும் இவர்கள்தான். அங்கே நேரில் நீட்டி வாங்கும் கையெழுத்தில் எந்தச் சிக்கலும் இல்லை. போட்டவரும் வாங்கியவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அதே பிரதி மூன்றாவது கைக்குப் போய், நான்காவது கையில் விலை ஏறும்போதுதான் கதைகள் முளைக்கின்றன. இந்த ரசிகர்களின் பிரியத்தின் மேல்தான் போலிக்காரன் கடை விரிக்கிறான்.

ஓவியர் சங்கரை எடுத்துக்கொள்வோம். சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன் இந்த மண்ணில், தாராபுரம் பக்கத்துக் கரத்தொழுவில் 1924-இல் பிறந்தவர். 1952-இல், தமிழில் அம்புலிமாமாவாக வந்த சந்தமாமாவில் சேர்ந்து அறுபது ஆண்டுகள் வரைந்தார். தோளில் வேதாளத்தைச் சுமந்து, உருவிய வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை அம்புலிமாமா படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2020 செப்டம்பரில் 96-ஆம் வயதில் மறைந்தார். மறுஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இனி அவர் எதிலும் கையெழுத்திடப் போவதில்லை. ஆகவே அவர் பெயரில் புதிதாக வெளிவரும் ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு பார்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

பார்ப்பது எப்படி? ஒரு பூதக்கண்ணாடி போதும், பாதி வேலை முடியும். படத்தோடு சேர்ந்து அச்சான ஓவியர் பெயரையே கையெழுத்து என்று காட்டுவது மிக மலிவான வித்தை. கண்ணாடிக்குக் கீழே அது பக்கத்திலுள்ள கோடுகளைப் போலவே ஒரே சீரான அச்சு மையாகத் தெரியும், இல்லையெனில் புள்ளிகளாகப் பிரியும். பால்பாயின்ட் பேனா என்றால் தாளின் பின்புறம் விரலுக்கு அழுத்தம் தட்டுப்படும். அடுத்து மடிப்பைப் பாருங்கள். பழைய நியூஸ்பிரின்ட்டில் மடிப்பு விழுந்த இடத்தில் நார்கள் உடைந்திருக்கும். மடிப்புக்குப் பின் எழுதினால் மை அந்த உடைசலுக்குள் இறங்கிப் பரவும். எழுதியபின் மடிந்திருந்தால் கோடுதான் விரிசல் விடும். ஐம்பது ஆண்டுப் பழைய மடிப்புக்குள் மை கசிந்திருக்க, இதழ் புதிதாக இருந்தபோதே வாங்கிய கையெழுத்து என்று கதை சொன்னால், கதை பொய். கடைசியாகக் கோட்டின் வேகம். தன் பெயரை ஆயிரம் முறை எழுதியவர் கை ஓடும், முனை மெலிந்து முடியும். பார்த்து வரைபவனின் கோடு தயங்கும், நடுங்கும், நடுவில் பேனா தூக்கி வைத்த இடம் தெரியும். முதுமையிலும் கை நடுங்கும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இத்தனையும் போலியைப் பிடிக்க உதவும்; உண்மையை நிரூபிக்காது. அதற்குச் சாட்சி வேண்டும். அமெரிக்காவின் சிஜிசி நிறுவனம் காமிக்ஸ் கையெழுத்துகளுக்குத் தரும் மஞ்சள் லேபிளின் அடிப்படை இதுதான்: கையெழுத்துப் போடும்போது அவர்கள் ஆள் ஒருவர் அருகில் நின்று பார்த்திருக்க வேண்டும். வால்ட் டிஸ்னியின் பெயரை ரசிகர்களுக்காக அவர் அலுவலக ஓவியர்களே, அவர் அனுமதியோடு எழுதித் தந்ததை எண்ணினால் அந்தக் கண்டிப்பின் நியாயம் புரியும். அனுமதி இருந்ததால் எழுதியவர் குற்றவாளி ஆகமாட்டார். ஆனால் இன்று அதை டிஸ்னி கைப்பட எழுதியதாக விற்பவர் குற்றவாளிதான்.

போலி எழுதுகிறவனைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நம் கோபம் நடுவில் நிற்பவர் மேல். "எனக்கு வந்தபடி விற்கிறேன், உத்தரவாதம் தர முடியாது" என்கிறார். உத்தரவாதம் தர முடியாத கையெழுத்துக்கு எதற்குக் கூடுதல் விலை? ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலியை ஒடித்து உள்நிறம் பார்க்க விடாத மூட்டைக்கு யார் நல்ல விலை எழுதுவார்? விற்கிறவரே அச்சடித்துத் தரும் "ஒரிஜினல்" சான்றிதழும் அவர் வாய்ச்சொல்லும் ஒன்றே. அவரைவிட வருத்தம் தருகிறவர், ஏமாந்து வாங்கி, போலி என்று தெரிந்தபின் நஷ்டத்தைத் தன் தலையிலிருந்து இறக்க இன்னொரு ரசிகரிடம் தள்ளிவிடுகிறவர். தான் பட்ட வலியைத் தெரிந்தே அடுத்தவருக்குக் கொடுக்கிறார். அவரை ஏமாந்தவர் என்ற கணக்கில் இனி நாம் வைக்க மாட்டோம்.

இதில் பெரிய அநீதி வாங்குகிறவருக்குக்கூட இல்லை, ஓவியருக்கு. இரும்புக்கை மாயாவி 1962-இல் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கியது. அக்காலப் பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் வரைந்தவர் பெயரை அச்சிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பக்கம் பக்கமாக வரைந்த மனிதரின் பெயரை அன்று தொழில் மறைத்தது. இன்று அவர் எழுதாத பெயரை அவர் படத்தின் மேலேயே எழுதிக் காசு பார்க்கிறார்கள். அவர் குடும்பத்துக்கு அதில் ஒரு ரூபாய் போவதில்லை.

சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. ஏமாற்றிச் சொத்துப் பெறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் குற்றம். ஏமாற்றப் போலி ஆவணம் தயாரிப்பது 336-இல். வியாபாரியிடம் வாங்கியிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம்; கோவைக்காரர் வெளியூர் விற்பனையாளரைத் தேடி அலைய வேண்டாம். இனி கையெழுத்து வாங்குகிறவர்கள் போடும்போதே ஒரு படம் எடுத்து, தேதியும் இடமும் எழுதிப் பிரதியோடு வைக்கட்டும். போலி என்று தெளிந்த பிரதி கையில் இருந்தால் மையைச் சுரண்ட வேண்டாம், தாள் கிழியும். கையெழுத்து போலி என்று உள்ளட்டையில் எழுதி வையுங்கள். விற்க நேர்ந்தால் அதைக் காட்டி, புத்தகத்துக்கு உரிய விலைக்கு மட்டும் விற்றுவிடுங்கள்.