முற்றத்து மரத்தில் முறிந்த கிளை

செம்பூரிலிருந்து அன்பர் ஒருவர் எழுதிய கடிதம் இத்திங்கள் நம் பார்வைக்கு வந்தது. அவர் குடியிருக்கும் கட்டடத்து முற்றத்தில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று உண்டு. பருவமழையின் முதற் காற்றில் அதன் கிளையொன்று முறிந்து, தரையில் விழாமல், மூன்றாம் மாடி உயரத்தில் வேறொரு கவையில் சிக்கிக் கொண்டது. குடியிருப்போர் கூட்டத்தில் ஒருவர், “வாட்ச்மேனுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் ஏறித் தள்ளிவிடுவான், இதற்கு ஏன் இத்தனை யோசனை?” என்றாராம். அன்பரின் மனம் இதற்கு ஒப்பவில்லை. என்ன செய்வது, யாரை அணுகுவது என்று கேட்கிறார்.

இக்கேள்வி செம்பூருக்கு மட்டும் உரியதன்று. கல்கத்தாவில் வாழும் நேயர்கள் சித்திரை வைகாசியில் ‘கால்பைசாகி’ என்னும் புயற்காற்றை ஆண்டுதோறும் காண்கின்றனர். தில்லி நேயர்களுக்கு மே, ஜூன் மாதத்துப் புழுதிக்காற்றாகிய ‘ஆந்தி’ பழகிய ஒன்றே. 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் கல்கத்தா நகரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததையும் நாம் மறக்கவில்லை. அடியோடு விழுந்த மரத்தை ஊரே பார்க்கும், உடனே ஆட்களும் வருவர். முறிந்து மேலே தங்கிய கிளையையோ இலை வாடிச் சருகாகும் வரை எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அமெரிக்கக் காடுகளில் மரம் வெட்டுவோர் இத்தகைய கிளைக்கு ‘விதவையாக்கி’ என்று பொருள்படும் பெயரொன்றை வைத்திருக்கின்றனர். அப்பெயர் வேடிக்கைக்காக எழுந்ததன்று.

முதலில் அதன் எடையை எண்ணிப் பாருங்கள். அரை அடி கனமும் பத்தடி நீளமும் உள்ள பச்சைக் கிளை ஏறத்தாழ 50 கிலோ இருக்கும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை அடைகிறது. கீழே இருந்து பார்க்குங்கால் விறகுச் சுள்ளி போலத் தோன்றுவது, விழும்போது ஓர் ஆளின் எடையோடு மோட்டார் வண்டியின் வேகத்தில் வருகிறது. அது நேர்கீழே விழும் என்பதும் உறுதியில்லை. வழியில் ஒரு கிளையில் இடித்துத் திரும்பலாம். தரையில் குத்திட்டு நின்று, பின் பக்கவாட்டில் சாயலாம்.

ஆதலின் அன்பர் இன்றே செய்யத்தக்கது, மரத்தடியை அடைத்துவிடுவது. வண்டிகளை அகற்றி, சுற்றிலும் கயிறு கட்டி, பழைய வேட்டித் துண்டுகளையேனும் அதில் தொங்கவிடுக. கிளையின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமேனும் நாற்புறமும் ஒருவரும் நுழையலாகாது. பிள்ளைகள் பள்ளி வண்டிக்குக் காத்திருக்கும் இடத்தையும் வெளிவாயிலுக்கு மாற்றுக. இதற்குச் செலவில்லை, கூட்டம் கூட்டித் தீர்மானம் போடவும் வேண்டியதில்லை.

அடுத்து, கிளையை நன்றாகப் பார்க்க வேண்டும். பறவை பார்க்கும் தொலைநோக்கி ஒன்று கிடைத்தால் நலம். இன்றேல் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அறிய வேண்டுவன மூன்று. கிளை முற்றிலும் ஒடிந்து கவையில் கிடக்கிறதா, அன்றி நாரும் பட்டையுமாகத் தாய்மரத்தோடு இன்னும் ஒட்டியிருக்கிறதா? அருகில் மின்கம்பி செல்கிறதா? தேன்கூடு ஏதேனும் உண்டா? மூன்றாவதைச் சிறு விஷயமாக எண்ண வேண்டா. நம் நகரங்களின் பெருமரங்களில் மலைத்தேனீக்கள் கட்டும் அடை முறம்போல் தொங்கும். அவை கலைந்தால் கிளையினும் கொடியவை.

மின்கம்பி அருகில் இருப்பின், கயிற்றையும் கழியையும் கையால் தொடவே கூடாது. நனைந்த கயிறும் பச்சைக் கழியும் மின்சாரத்தைக் கடத்தும். 1912 என்னும் எண்ணில் மின்வாரியத்துக்கு அறிவித்து, அவர்கள் மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே பிற வேலை. பாதி ஒட்டிய கிளையையும் நாம் தீண்டலாகாது. வளைந்து முறுகிய மரம் வில்லைப் போன்றது. அறுக்கும்போது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று தேர்ந்த ஆட்களே கணிக்க வல்லவர்.

அன்பர் குறிப்பிடும் கிளை மூன்றாம் மாடி உயரத்தில் உள்ளது. எனவே அது வீட்டார் கைவைக்கத் தக்கதன்று என்பதே நம் முடிவு. மும்பையில் மாநகராட்சியின் 1916 என்னும் எண்ணுக்கு அறிவித்து, வட்ட அலுவலகத்துத் தோட்டத் துறைக்கு எழுத்திலும் மனு கொடுத்து, அதன் படியில் முத்திரை பெற்றுக்கொள்க. உடனே விழும் நிலை எனில் 101-இல் தீயணைப்புப் படையை அழைக்கலாம். இன்னொன்றும் உண்டு. மகாராஷ்டிரத்தில் 1975-ஆம் ஆண்டுச் சட்டமும், தில்லியில் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் நகர மரங்களைக் காக்கின்றன. மரம் நம் முற்றத்தில் நிற்பதாலேயே அதை விருப்பம்போல் வெட்டலாம் என்பதில்லை. ஒடிந்து கிடப்பதை இறக்குவது வேறு, அந்தச் சாக்கில் சாளரத்தை மறைக்கும் நல்ல கிளைகளையும் சேர்த்துக் கழிப்பது வேறு. இரண்டாவதற்கு அனுமதி வேண்டும்.

இனி வாட்ச்மேன். தூங்குமூஞ்சியின் கிளைகளும் குல்மோஹர் கிளைகளும் காற்றில் எளிதில் முறிபவை. முருங்கையில் ஏறாதே என்று ஊரில் பிள்ளைகளைத் தடுத்து வளர்த்த நாம், இங்கே இன்னொருவர் வீட்டுப் பிள்ளையை இம்மரங்களில் ஏற்றலாமா? ஒரு கிளையை முறித்த காற்று அதனருகில் உள்ளவற்றையும் விரிசல் காணச் செய்திருக்கும். அவற்றின்மேல்தான் அவர் கால் வைக்க வேண்டும். அவருக்கு இடுப்புக் கயிறு இல்லை, தலைக்கவசம் இல்லை, காப்பீடும் இல்லை. மறுத்தால் வேலை போகுமோ என்ற அச்சம் மட்டும் உண்டு. அவரும் நம்மைப்போல் பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்தவரே. ஐந்நூறு ரூபாய் என்று விலை பேசியவர் அவரோடு தாமும் மரத்தடியில் நிற்க முன்வருவாரா என்று அன்பர் அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

சிறு கிளைகளுக்கு நாமே ஒரு வழி செய்துகொள்ள முடியும். மணிக்கட்டளவு கனம், ஐந்து மீட்டருக்கு மேற்படாத உயரம், முழுதும் ஒடிந்து வெறுமனே சிக்கியிருப்பது, கம்பியோ பாதையோ கூரையோ கீழே இல்லாமை ஆகிய இவை யாவும் ஒருங்கே பொருந்தினால் மட்டுமே இதில் இறங்குக. காற்றில்லாத பகற்பொழுதாகவும் இருக்க வேண்டும்.

ஏணியை மறந்துவிடுங்கள். கிளை நழுவும்போது முதலில் தட்டுவது ஏணியைத்தான். தேவையானவை, விரற்கனமுள்ள 25 மீட்டர் கயிறு, மெல்லிய உறுதியான நூல்கயிறு, முந்நூறு நானூறு கிராம் மணல் நிரப்பித் தைத்த சிறு துணிப்பை, தலைக்கவசம், துணைக்கு ஓர் ஆள். கல்லையோ இரும்பையோ கட்டி எறிவோர் உளர். அது ஊசலாடித் திரும்பி எறிந்தவர் நெற்றிக்கே வரும். சாளரக் கண்ணாடிகளும் தப்புவதில்லை.

நூல்கயிற்றின் நுனியில் மணற்பையைக் கட்டி, கிளைக்கு நேர்கீழே நில்லாமல் பக்கத்தில் விலகி நின்று, தொங்கும் கிளையின் மேலாக எறிக. பத்து முறை தவறினாலும் பதறற்க. பை மறுபக்கம் இறங்கியதும் அதை எடுக்கப் பலரும் நேராகக் கிளைக்கடியில் ஓடுகின்றனர். விபத்துக்கு வாய்ப்பு மிகுந்த கணம் அதுவே. மாங்காய் பறிக்கும் துரட்டியால் நூலை எட்டி இழுத்துக்கொள்க. பின் நூலோடு பெருங்கயிற்றை முடிந்து கிளையின்மேல் ஏற்றி, கயிற்றின் ஒரு முனையைக் கண்ணியாக்கி, மற்ற முனையை அதனூடே விட்டு இழுத்தால் சுருக்கு மேலேறிக் கிளையைக் கவ்வும்.

இழுப்பவர் நிற்குமிடம் கிளையின் உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவில் இருத்தல் வேண்டும். ஐந்து மீட்டர் உயரம் எனில் பத்து மீட்டருக்கு அப்பால். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளலாகாது. வேண்டியபோது விட்டுவிடத் தக்கதாய்ப் பிடித்திருக்க வேண்டும். மோட்டார் வண்டியில் கட்டி இழுப்பது பெருந்தவறு. நைலான் கயிறு நீண்டு இழுபட்டு, கிளை விடுபட்டதும் சாட்டையாகச் சுழன்று வரும். மெல்ல இழுத்து, தளர்த்தி, மீண்டும் இழுத்து அசைத்துக் கொடுத்தால் சிக்கிய கிளை தானே வழி கண்டு நழுவும். துணையாள் அயலார் எவரும் உள்ளே வாராமல் காக்க வேண்டும். அதுவே அவர் வேலை, இழுப்பதன்று. சீராக இழுத்தும் அசையவில்லையா? கிளை எங்கோ ஒட்டியிருக்கிறது என்று பொருள். கயிற்றை அங்கேயே விட்டு, தோட்டத் துறைக்கு எழுதுவதே செய்யத்தக்கது. 25 மீட்டர் கயிற்றின் விலைக்காக வருந்த வேண்டியதில்லை.

கிளை இறங்கிய பிறகு மரத்தில் பிய்ந்த முளை நிற்கும். தரையில் நின்று எட்டும் உயரமாயின் ரம்பத்தால் சீராக்கலாம். கிளை தோன்றும் இடத்தில் மோதிரம்போல் ஒரு புடைப்பு இருக்கும். அதைக் காயப்படுத்தாமல், அதற்கு வெளியே அறுக்க வேண்டும். முதலில் சற்றுத் தள்ளிக் கீழ்ப்புறமிருந்து சிறிது அறுத்து, பின்பே மேற்புறமிருந்து அறுத்தால், விழும் துண்டு தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகாது. கடைசியாக எஞ்சிய குச்சத்தைப் புடைப்பையொட்டி நீக்குக. புண்ணின்மேல் தார் பூசலாமா, சாணம் அப்பலாமா என்று நேயர் பலர் முன்னரும் கேட்டிருக்கின்றனர். தார் பூசுவதால் உளுத்தல் நிற்பதில்லை. ஈரம் உள்ளே தங்கவும் கூடும். புடைப்பைக் கெடுக்காமல் விட்டால் மரம் தானே புதுப்பட்டை வளர்த்து அவ்விடத்தை மூடிக்கொள்ளும்.