வில்லன் விஷயத்தில் நாணயம் வேண்டும்

குற்றம் செய்கிறவனையே கதாநாயகனாக வைத்து நாடகம் எழுதுவது அமெரிக்க டெலிவிஷனில் இன்று சர்வ சாதாரணம். 1999-ல் வந்த ‘தி சொப்ரானோஸ்’ இதற்குப் பெரிதும் வழிகாட்டியது. நாயகனே நல்லவன் இல்லை என்றால், வில்லன் யார்? இதற்கு ஆசிரியர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே அந்த நாடகத்தின் தரம் அமைகிறது.

இதில் ஒரு குறுக்கு வழி உண்டு. நாயகனைவிடப் பத்து மடங்கு கொடியவனை எதிரே நிறுத்திவிட்டால் போதும், நாயகனின் கறை மறைந்துபோகும். இது ஜனங்களை ஏய்க்கும் வேலை. நேர்மையான ஆசிரியர் எதிரியைத் தராசாக நிறுத்துவார். நாயகனின் எடை என்ன என்பதை அந்தத் தராசு காட்டிவிடும்.

இரண்டு வழிகளையும் ஒரே நாடகத்தில் பார்க்கலாம். வின்ஸ் கில்லிகன் படைத்த ‘பிரேக்கிங் பேட்’, 2008 முதல் 2013 வரை ஐந்து தொகுதிகளாக, 62 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்கி நகரத்து ரசாயன வாத்தியார் வால்டர் ஒயிட்தான் நாயகன். சம்பளம் போதாமல், பள்ளி விட்டபின் கார் கழுவும் கடையிலும் உழைக்கிறார். ஐம்பது வயதில் நுரையீரலில் புற்றுநோய். குடும்பத்துக்குப் பணம் வைத்துவிட்டுப் போக, போதைச் சரக்கு காய்ச்சத் துணிகிறார்.

இந்த இடத்தில் உழைப்பாளிகளின் நெஞ்சு அவர் பக்கம் சாய்வது இயல்பே. ஆஸ்பத்திரிச் செலவு ஒரு குடும்பத்தை எப்படிக் கவிழ்க்கும் என்று நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாடகம் அத்துடன் நிற்கவில்லை. வைத்தியச் செலவை ஏற்றுக்கொள்வதாகப் பழைய கூட்டாளிகள் முன்வருகிறார்கள். வால்டர் மறுத்துவிடுகிறார். கஷ்டம் அவரை வாசல்வரை கொண்டுவந்தது மெய்தான். வாசலைத் தாண்டவைத்தது அவருடைய அகந்தை.

அந்த அகந்தைக்கு ஏற்ற எதிரிதான் கஸ் பிரிங். ஊருக்கு அவர் கோழிவறுவல் கடைகளின் முதலாளி, பணிவான மனிதர், போதை ஒழிப்புப் போலீசாருக்கே புரவலர். அவருடைய சலவை ஆலைக்கு அடியில்தான் சரக்கு காய்ச்சும் கூடம் இருக்கிறது. மீசை முறுக்குவதில்லை, உறுமுவதில்லை. கணக்கும் பொறுமையுமே அவர் ஆயுதம். வால்டர் எட்டத் துடிக்கும் இடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் அவர்.

நான்காம் தொகுதியில், 2011-ல் வந்த ஒரு காட்சியைக் கவனியுங்கள். கூடத்தைத் தனியே கழுவ எரிச்சல்பட்ட வால்டர், சலவை ஆலையில் வேலைசெய்யும் மூன்று பெண்களுக்குக் காசு கொடுத்து அழைத்துவந்து கழுவச் சொல்கிறார். கஸ்ஸின் ஆள் அந்தப் பெண்களை ஹோண்டுராஸ் நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறான். பெரியவர்கள் இருவரின் போட்டியில் மூன்று தொழிலாளிகளின் பிழைப்பு போயிற்று. துரத்தியவர் கொடியவர் என்றால், தம் வீம்புக்காக அவர்களை இழுத்துவந்தவர் மட்டும் யோக்கியரா? தராசு என்று நாம் சொன்னது இதைத்தான்.

வால்டரின் சகலை ஹாங்க், போதை ஒழிப்பு அதிகாரி. வாய்த்துடுக்குக்காரர், முதலில் யாருக்கும் பிடிக்காது. போகப்போக அவரது கடமையுணர்வு வெளிப்படுகிறது. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரே தேடிப் பிடிக்க வேண்டியவராகவும் இருப்பதால், வால்டரின் ஒவ்வொரு பொய்யும் வீட்டிலேயே அம்பலத்துக்கு வருகிறது.

ஐந்தாம் தொகுதியின் முடிவில்தான் சறுக்கல். ஜாக் என்பவனின் நாஜிக் கும்பல் வருகிறது. ஹாங்கைக் கொல்கிறது, பணத்தைப் பறிக்கிறது, ஜெஸ்ஸி என்ற இளைஞனைச் சங்கிலியில் கட்டி வேலைவாங்குகிறது. கடைசிப் பகுதியில் வால்டர் இந்தக் கும்பலை அழித்து ஜெஸ்ஸியை விடுவிக்கிறார். எல்லாம் தமக்காகவே செய்ததாக மனைவியிடம் அவர் ஒப்புக்கொள்வதும் அதே பகுதியில்தான். அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனாலும், ஒரு சிறுவனுக்கு விஷம் வைத்தவர் கடைசியில் கைதட்டல் வாங்கிக்கொண்டு போகிறார். நாஜிகள் எதிரே நின்றால் யார்தான் நல்லவராகத் தெரியமாட்டார்?

இதன் விளைவு திரைக்கு வெளியிலும் தெரிந்தது. கணவரை எதிர்த்து நின்ற மனைவி ஸ்கைலரை ரசிகர்கள் பலர் வில்லியாகவே கருதினார்கள். நடித்த அன்னா கன் மீதும் வசை பொழிந்தார்கள். அந்த அம்மையார் 2013-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் இதுபற்றி எழுதவே நேர்ந்தது. தவறு செய்கிறவனின் கண்ணாலேயே பார்த்துப் பழகினால், தடுக்கிறவர்கள் எல்லாரும் எதிரிகளாகத்தான் தெரிவார்கள்.

ஷிப்டு முடிந்தும், களை எடுத்துக் களைத்தும் வருகிறவர்கள் நாடகம் பார்ப்பதில் தவறில்லை. பார்க்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: இந்த வில்லன் நாயகனிடம் கணக்குக் கேட்க வந்தவனா, அல்லது நாயகனின் கணக்கைத் தள்ளுபடி செய்ய வந்தவனா? தள்ளுபடி செய்ய வந்தவன் என்றால், ஆசிரியர் உங்களை ஏமாற்றுகிறார். யாரை வெறுப்பது என்று பிறர் நமக்குத் தீர்மானிக்க விடலாகாது.