சிலைத் திருட்டைக் காட்டிக்கொடுத்த புதுச்சேரி போட்டோக்கள்... எப்படி?

காணாமல் போன சாமி சிலை வெளிநாட்டு மியூசியத்தில் இருப்பது தெரிந்தால் மட்டும் போதாது. 'இது எங்க ஊர் சிலைதான்' என்று நிரூபிக்க வேண்டும். அதற்கான ஆதாரம் இருக்கும் இடம், குருசுக்குப்பத்துக்கு அருகே செயின்ட் லூயிஸ் வீதியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம்.

என்ன இருக்கு அங்கே?

1955-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம், ஆய்வுக்காக ஊர் ஊராகப் போய் கோயில்களையும் சிலைகளையும் படம் எடுத்தது. இன்று 1 லட்சத்துக்கும் அதிகமான போட்டோக்கள் அங்கே உள்ளன.

எப்படி உதவியது?

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை, 2008-ல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். சிலை பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனதாகப் போலி ஆவணம் காட்டப்பட்டது. கோயிலில் இருந்தபோது எடுத்த போட்டோ அதைப் பொய்யாக்கியது. 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியா திரும்பினார்.

ஒரே மாதிரி இன்னொரு சிலை இருக்காதா?

இருக்காது. ஐம்பொன் சிலையை வார்த்ததும் மண் அச்சை உடைத்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு சிலையும் தனி. தேய்மானமும் கீறலும் அதன் அங்க அடையாளங்கள்.

அப்போ போட்டோ இருந்தா போதுமா?

போட்டோ திருட்டைத் தடுக்காது. ஆனால் திருடியதை விற்பதைக் கடினமாக்கும். காவலுக்கு ஆள் இல்லாத கிராமக் கோயில்களில், படமே எடுக்கப்படாத சிலை போனால் போனதுதான். உங்க ஊர் சாமிக்கு போட்டோ இருக்கா?